டின் மீனின் சாஸைக் கழுவிக் கொட்டலாமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 37. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். கணவர் சவுதியில் டிரைவர். லீவில் வந்தவர் தக்காளி சாஸில் போட்ட மத்தி மீன் டின்கள் இரண்டு டஜன் கொண்டுவந்தார். 13 வயது மகன் முள்ளுக்குப் பயந்து மீன் என்றாலே தட்டைத் தள்ளிவிடுகிறவன். இந்த டின் மீனை மட்டும் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறான். அதனால் தினமும் ஒரு டின் உடைத்துப் பள்ளிக்கூட டப்பாவில் வைக்கிறார். சாஸில் கெமிக்கல் இருக்கும் என்ற பயத்தில் குழாயடியில் நன்றாகக் கழுவி, நடு முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு, வெங்காயம், மிளகாய்த்தூள், ஒரு ஸ்பூன் உப்பு போட்டு வதக்குகிறார். அன்றைக்கு மகனுக்குப் பால் கிடையாது, மீனும் பாலும் சேரக்கூடாதாம்.

மாமியாருக்கு 68 வயது. பத்து வருடமாக பிரஷர் மாத்திரை. "டப்பாவில் அடைத்தது செத்த மீனிலும் செத்த மீன்" என்று சொல்லிவிட்டுத் தனக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொள்கிறார். ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்தவள் ஆசையாகக் கேட்டும், பயந்துபோய்க் கொடுக்கவில்லை. மிச்சமிருக்கும் பதினொரு டின்னில் ஒன்றின் மூடி உப்பியிருக்கிறது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு விஷயம், போகிற போக்கில்: கணவருக்கு யூரிக் ஆசிட் 8.2 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, அவரும் அங்கே வாரத்தில் நான்கைந்து ராத்திரி குப்பூஸ் ரொட்டியும் டின் மீனும்தான். தனக்கு ஹீமோகுளோபின் 9.6, ஆனால் "பையனுக்குக் குறைந்துவிடுமே என்று நான் டின் மீனைத் தொடுவதில்லை." கேள்வி இதுதான்: "இது சத்தா, விஷமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் மேடம்."

சகோதரி, ஒரே வார்த்தையில் என்றால், சத்துதான். ஆனால் அதோடு நிறுத்த முடியவில்லை. சத்தைக் குழாயடியில் கழுவிவிட்டு, குப்பையில் முள்ளாகப் போட்டுவிட்டு, டின்னில் ஏற்கெனவே இருப்பது போதாதென்று உப்பை மேலே சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். செய்வதைத் தலைகீழாக மாற்றினால் போதும். டின்னைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

கெமிக்கல் என்று எதைக் கழுவினீர்கள்?

டின் மீன் கெடாமல் இருப்பதற்கு மருந்து எதுவும் போடத் தேவையில்லை. தலையும் குடலும் எடுத்த மீனை டப்பாவில் அடுக்கி, சாஸ் ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி, அதன்பிறகு மூடிய டப்பாவோடு சேர்த்து அழுத்தமான நீராவியில் வேகவைக்கிறார்கள். சூடு 115 முதல் 121 டிகிரி வரை போகும். உங்கள் வீட்டு பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் சூடும் கிட்டத்தட்ட அதுதான். உள்ளே இருந்த கிருமி செத்துவிட்டது, வெளியிலிருந்து புதிதாக ஒன்று புக வழியில்லை. அதனால்தான் இரண்டு மூன்று வருடம் தாங்குகிறது. உங்கள் அத்தை 'செத்த மீன்' என்பதை நான் 'குக்கரில் வெந்த மீன்' என்று திருத்திக்கொள்கிறேன். குழம்பில் கொதிக்கிற மீனும் உயிரோடு இல்லையே.

டின்னில் இருந்ததை வரிவரியாக எழுதி அனுப்பியிருந்தீர்கள், அது பெரிய உதவி. மத்தி 60 சதவீதம், தக்காளி விழுது, தண்ணீர், உப்பு, சர்க்கரை, அப்புறம் 'ஈ 412'. இந்தக் கடைசி எண்ணுக்குத்தான் நீங்கள் அடிக்கோடு போட்டு மூன்று கேள்விக்குறி வைத்திருக்கிறீர்கள். அது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசின் மாவு. சாஸ் தண்ணீராக ஓடாமல் கொழகொழப்பாக நிற்பதற்காகப் போடுவது. நீங்கள் பொரியல் செய்கிற அதே கொத்தவரங்காய்தான். நம்பர் போட்டிருந்தாலே விஷம் என்று அர்த்தமில்லை.

இனி, கழுவும்போது சிங்க்கைக் கவனித்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்ன எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்து போகும். அது மீன் வேகும்போது சாஸுக்குள் இறங்கிய மீன் கொழுப்பு. தக்காளியின் சிவப்புச் சத்தான லைகோபீன் அதில் கரைந்திருப்பதால்தான் அந்த நிறம். பச்சைத் தக்காளியில் இருப்பதைவிட, எண்ணெயோடு சேர்ந்து வெந்த தக்காளியில்தான் இது உடம்பில் நன்றாகச் சேரும். அந்த மீன் கொழுப்பில் இருக்கிற ஒமேகா 3 வேண்டும் என்று ஜனங்கள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறார்கள், நீங்கள் குழாயைத் திறந்துவிடுகிறீர்கள்!

டின்னுக்குள் என்ன இருக்கிறது

நீங்கள் எழுதிய அளவின்படி 100 கிராமில் புரதம் 14 கிராம், கொழுப்பு 7 கிராம், சோடியம் 380 மில்லிகிராம். டின்னின் எடை 155 கிராம். அப்படியென்றால் ஒரு முழு டின்னில் புரதம் சுமார் 22 கிராம், 200 கலோரியை ஒட்டிய சக்தி. 13 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 45 கிராம் அளவுக்குப் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு. அதில் பாதி இந்த ஒரு டப்பாவில் வந்துவிடுகிறது.

டப்பாவின் மேல் எழுதாத சத்தும் உண்டு. பி12 மத்தியில் தாராளம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம் போதும், 100 கிராம் மத்தியில் அதைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். வைட்டமின் டி உள்ள உணவுகளே கொஞ்சம், அதில் இது ஒன்று. ஒமேகா 3 கொழுப்பு, மீன் பிடித்த காலத்தைப் பொறுத்துக் கூடக் குறைய இருந்தாலும், ஒரு டின்னுக்கு ஒரு கிராமை ஒட்டி எதிர்பார்க்கலாம். அவ்வளவு சூட்டில் வெந்தால் எல்லாம் போய்விடாதா என்று கேட்பீர்கள். பி1 கணிசமாகக் குறையும், தக்காளியின் வைட்டமின் சியும் போகும். புரதம், சுண்ணாம்புச் சத்தான கால்சியம், பி12, மீன் கொழுப்பு இவற்றுக்குப் பெரிய சேதாரமில்லை.

நடு முள் விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு மனசு ஆறாதது. அடுத்த டின்னைத் திறந்ததும் ஒரு முள்ளை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். சாக்பீஸ் தூள் மாதிரி உதிர்ந்துவிடும். அந்த அழுத்தத்தில் வெந்ததால் வந்த மென்மை அது. தொண்டையில் குத்தாது. சாதாரண மத்திக் குழம்பில் முள்ளை ஒதுக்கிவிடுவதால் அதன் சுண்ணாம்பு நமக்குக் கிடைப்பதே இல்லை. டின் மீனில் முள்ளோடு சாப்பிட்டால் 100 கிராம் மீனுக்கு 240 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் கிடைக்கும், அதாவது ஏறக்குறைய ஒரு டம்ளர் பால். நீங்கள் பாலையும் நிறுத்திவிட்டீர்கள், முள்ளையும் எடுத்துவிட்டீர்கள். வளர்கிற பையனுக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் தேவைப்படுகிற வயது இது. முள் என்று சொன்னால் அவன் பயப்படுவான் என்றால் சொல்லாமல் மசித்துவிடுங்கள். பொய்யில்லை, சமையல்.

பாலும் மீனும் சேர்ந்தால் வெண்குஷ்டம் வரும் என்பது நம் பக்கத்தில் ஊறிப்போன பயம். தோலின் நிறத்தைத் தருகிற செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிப்பதால் வருவது வெண்புள்ளி. எந்தச் சாப்பாட்டுச் சேர்க்கையாலும் வருவதில்லை, ஒட்டுவதும் இல்லை. வங்காளத்தில் மீனைத் தயிரில் போட்டே சமைக்கிறார்கள். மனசு கேட்கவில்லை என்றால் மீன் ராத்திரிக்கு, பால் காலைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தாதீர்கள்.

உப்புக் கணக்கு

பயப்பட வேண்டிய முதல் விஷயம் இங்கேதான் இருக்கிறது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. ஒரு டின்னில் சோடியம் சுமார் 590 மில்லிகிராம், அதாவது உப்பு ஒன்றரை கிராம். ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அது ஒரு டீஸ்பூன். நீங்கள் வதக்கும்போது போடுகிற 'ஒரு ஸ்பூன்' டீஸ்பூனாகவே இருந்தாலும், அந்த ஒரு கறியிலேயே பையனின் அன்றைய உப்பு முடிந்து, மேலே ஒன்றரை கிராம் நிற்கிறது. இன்னும் ஊறுகாய், அப்பளம், சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு கடைச் சிப்ஸ் எதுவும் கணக்கில் வரவில்லை.

ஆகவே டின் மீனுக்குத் தனி உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். வேலூர் பக்கத்து மேல்மொணவூர் மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ் அம்மா ஒருவர் என்னிடம் சர்க்கரைக்கு ஆலோசனை கேட்டு வந்தபோது எனக்கே சொல்லிக்கொடுத்த முறை இது. அவர்கள் வீடுகளில் டின் மீன் கறி நம் சாம்பார் மாதிரி சர்வசாதாரணம். கொஞ்சம் எண்ணெயில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, மிளகுத்தூள் போட்டு, டின்னை சாஸோடு கவிழ்த்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி எலுமிச்சை பிழிய வேண்டும். உப்பு போடும் கட்டமே கிடையாது. நான் நம்மூர் பாணியில் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயைத் தனியே உப்பில்லாமல் வேகவைத்து அதில் சேர்க்கிறேன். ஒரு டின் மூன்று பேருக்கு வருகிறது, நார்ச்சத்தும் சேர்கிறது. கருவாட்டுக்கு ஏற்ற காய் டின் மீனுக்கு மட்டும் ஏறாதா என்ன.

கருவாடு என்றதும் உங்கள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பயப்படுகிற டின் மீனில் 100 கிராமுக்கு ஒரு கிராம் உப்பு. அவர் நம்புகிற உப்புக் கருவாட்டில் 100 கிராமுக்குப் பத்து கிராமுக்கும் மேலே இருப்பது சாதாரணம். ஆடி மாதக் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் எனக்கும் இறங்காது, அதனால் கருவாடே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பத்து வருடம் பிரஷர் மாத்திரை போடுகிறவர் வாரத்தில் மூன்று நாள் அதைச் சாப்பிட்டால் மாத்திரையும் கருவாடும் எதிரெதிராக இழுக்கும். அவரிடம் வாதாடாதீர்கள். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை தண்ணீரை மாற்றி, குழம்புக்கு உப்புப் போடாமல், வாரத்தில் ஒரு நாள் இரண்டு துண்டு என்று பேசி முடியுங்கள். டின் மீனை அவர் சாப்பிட ஒத்துக்கொண்டால் அவர் பங்குக்கு மட்டும் சாஸை வடித்துவிடலாம், அதில் உப்பு கொஞ்சம் குறையும். கழுவுவதற்கு நியாயம் இருக்கிற ஒரே ஆள் அவர்தான். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கூடியிருந்தால் புரதத்தின் அளவையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தங்கை, கணவர், அப்புறம் நீங்கள்

தங்கைக்குத் தாராளமாகக் கொடுங்கள், வாரத்தில் இரண்டு நாள். கர்ப்பிணிகளை மீனில் எச்சரிப்பது பாதரசத்துக்காக. அது பெரிய மீனைத் தின்று நீண்ட நாள் வாழ்கிற சுறா மாதிரி மீன்களில்தான் சேரும். மத்தி சின்ன மீன், கொஞ்ச நாள் வாழ்வது, நுண்ணுயிரிகளைத் தின்பது. அதில் பாதரசம் மிகக் குறைவு. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு இதில் இருக்கிறது. 'சூடு' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகட்டும். பிரசவத்துக்கு அப்புறம் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுப்பீர்கள் அல்லவா, அதைத்தான் நான் நெத்திலியாகவோ மத்தியாகவோ மாற்றச் சொல்வேன்.

உங்கள் வீட்டுக்காரர் கதை வேறு. மத்தியில் பியூரின் அதிகம். அது உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும். ஆண்களுக்கு 7 வரை சரி என்கிற இடத்தில் அவருக்கு 8.2. குடும்பத்திலேயே டின் மீனைக் குறைத்தே ஆக வேண்டியவர் அதைப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்தவர்தான். வாரத்தில் நான்கைந்து ராத்திரி என்பதை ஒன்றாக்கச் சொல்லுங்கள். மற்ற ராத்திரிகளில் முட்டை, பருப்பு, தயிர். வண்டியில் உட்கார்ந்தே இருப்பவர், பாத்ரூம் போக இடமில்லாமல் தண்ணீர் குடிப்பதையும் குறைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அதையும் கேளுங்கள். மூட்டு வலி இல்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால் உடனே மாத்திரை தேவைப்படாமல் போகலாம், அதை அங்கே ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

உங்களுக்கு ஹீமோகுளோபின் 9.6 என்பது ரத்தசோகை. பையனுக்குக் குறைந்துவிடும் என்று விட்டுக்கொடுக்கிற அளவு விஷயமில்லை இது. மீனின் இரும்புச் சத்து கீரையில் இருப்பதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும், அந்த எலுமிச்சைச் சாறு கூட இருந்தால் சோற்றிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பையும் சேர்த்து இழுக்கும். ஆனால் 100 கிராமுக்கு இரண்டு மில்லிகிராம்தான் அது, உங்கள் தேவையோ நாளைக்கு 29. டின் மீனை வைத்து இதைச் சரிக்கட்ட முடியாது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை தருவார்கள். ஏன் குறைந்தது, மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதையும் காட்டிக் கேளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற வழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கறியில் உங்கள் பங்கையும் தட்டில் வையுங்கள்.

பள்ளிக்கூட டப்பாவும் உப்பிய டின்னும்

தினம் ஒரு டின் என்பதை வாரத்துக்கு இரண்டு மூன்றாகக் குறையுங்கள். விஷம் என்பதற்காக இல்லை. உப்புக்காகவும், முட்டை, வேர்க்கடலை, ஏரி மீன், கேழ்வரகு என்று மற்றவற்றுக்கும் தட்டில் இடம் வேண்டும் என்பதற்காகவும்தான். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம்மூர் மார்க்கெட்டில் கடல் மீன் விலை எகிறும்போது, அலமாரியில் நான்கு டின் இருப்பது நல்லதுதான்.

காலை ஆறு மணிக்கு வதக்கி அவன் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் எனக்குக் கவலை. மூடியிருக்கும் வரைதான் டின்னுக்குப் பாதுகாப்பு. திறந்த நிமிடத்திலிருந்து அது எந்த மீன் குழம்பையும் போலத்தான். வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? நம் வெயிலில் ஆறரை மணி நேரம் மூடிய டப்பாவில் மீனை வைக்காதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றிவிடுங்கள், எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம். மிஞ்சினால் டின்னிலேயே வைக்காமல் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளோடு முடியுங்கள். தக்காளிப் புளிப்பு திறந்த டின்னின் உலோகத்தைக் கரைத்துச் சுவையைக் கெடுக்கும்.

மூடி உப்பிய டின், 'அழுத்தினால் டக்கென்று உள்ளே போய்த் திரும்பி வருகிறது' என்றீர்களே, அதைத் திறக்கவே வேண்டாம். உள்ளே ஏதோ கிருமி வளர்ந்து வாயு பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று உங்கள் அத்தை சொல்வது இந்த ஒரு இடத்தில் ஆபத்து. கெட்டுப்போன மத்தியில் உண்டாகிற ஹிஸ்டமின் எவ்வளவு கொதித்தாலும் போகாது, முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பெல்லாம் தடித்துவிடும். அதைவிட மோசமான பொட்டுலிசம் நஞ்சு நாக்கில் வைத்துப் பார்க்கிற அளவிலேயே ஆளைச் சாய்க்கும். இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, நாய் பூனை இழுக்காதபடி குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.

மற்ற பத்து டின்களையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மே மாதம் அந்த இடம் அடுப்பு மாதிரி இருக்கும். இன்றைக்கே கீழே இறக்கி, தரையோடு இருக்கும் அலமாரியில் வையுங்கள். வைக்கும்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தேதியைப் பாருங்கள், விளிம்பு மடிப்பை விரலால் தடவிப் பாருங்கள். நடுவில் சின்ன நசுங்கல் பரவாயில்லை. மடிப்பு நசுங்கியிருந்தாலோ, துரு பிடித்துப் பிசுபிசுத்தாலோ, அதுவும் குப்பை வண்டிக்கு. அடுத்த தடவை வீட்டுக்காரர் வரும்போது நான்கு டின் போதும் என்று சொல்லுங்கள், அந்த எடைக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவரட்டும்.